நனைந்த வேட்டியில் இருந்தவள்

குறி, அருள்வாக்கு, காத்து கறுப்பு எதையும் நான் நம்பினவள் இல்லை. பூசாரிக்கு அருள் வந்தால்கூட இந்த ஆள் காலையில் என்ன சாப்பிட்டாரோ என்றுதான் என் புத்தி போகும். பத்துப் பேர் முன்னால் வாய் திறந்து பேசுகிற பழக்கமும் எனக்கு இல்லை, அதனால்தான் இதை இத்தனை காலம் சொல்லாமல் வைத்திருந்தேன். எழுதினால் என் முகத்துக்கு நேராகச் சிரிக்க முடியாது அல்லவா, அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள், குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்காரர் ஆட்சிக் காலம் அது. பள்ளிபாளையத்தில் காவேரிக் கரையோரம் எங்கள் வீடு, அப்பாவுக்குத் தறி வேலை. என் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளையின் முகூர்த்த வேட்டியைப் பெண்ணின் அப்பா தன் கையால் நெய்து கொடுப்பது எங்கள் வழக்கம். அப்பா அதை நெய்து முடித்துத் தறியிலிருந்து அறுத்தெடுத்த அன்றைக்குத்தான் உபதேசியார் வந்தார். ஊர் ஊராகப் போய் இயேசுநாதர் கதை சொல்கிறவர். ஒரு விளக்குப் பெட்டி வைத்திருப்பார், கண்ணாடியில் எழுதிய படத்தை அதில் செருகினால் எதிரே கட்டிய துணியில் பெரிதாக விழும். பரிசலில் வரும்போது அவருடைய திரைத்துணி ஆற்றோடு போய்விட்டதாம். உங்கள் நெசவு மாதிரி வெள்ளைத் துணி இந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னார். பாராட்டினால் அப்பா எதையும் கொடுத்துவிடுவார். அம்மா எவ்வளவோ தடுத்தும், அன்று பொழுது சாய்ந்ததும் கல்யாண வேட்டி இரண்டு வேப்ப மரத்துக்கு நடுவில் திரையாகத் தொங்கியது.

படம் நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. கடைசியில் ஒலிவ மரத் தோட்டம் வந்தது. மறுநாள் சாகப் போகிறோம் என்று தெரிந்து அவர் தனியாக மண்டியிட்டு அழுது வேண்டுகிறார், கூட வந்த சீடர்கள் தள்ளிப் படுத்துத் தூங்கிவிட்டார்கள் என்று உபதேசியார் உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா எழுந்தார்.

"ஏனுங்க, எல்லாரும் தூங்கிப்போட்டாங்கன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் அவரு கும்புட்டத ஆருங்க கேட்டு எழுதுனது?"

கூட்டம் சிரித்தது. கடவுள் அறிவித்தார் என்றார் உபதேசியார். எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் அதெல்லாம் செல்லாது, கண்ணால் பார்த்த சாட்சி வேண்டும் என்றார் அப்பா. உபதேசியாருக்குக் கோபம் வரவில்லை, நானும் அதை யோசித்திருக்கிறேன் என்று மெல்லச் சொல்லி விளக்கை அணைத்தார்.

விடிந்ததும் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு வேட்டியை ஆற்றுக்கு எடுத்துப்போனாள். கண்டவர் கண்ணும் பட்ட துணி, அலசித்தான் கொடுக்க வேண்டும் என்றாள். அலசி, ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்து வெயிலுக்கு விரித்தோம். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள், ஈரத் துணியில் அந்தத் தோட்டம் இருந்தது. பாறை, மரம், மண்டியிட்ட மனிதர். மரத்துக்குப் பின்னால் ஒரு பெண், தலையில் முக்காடு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவர் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வாயை இறுக்க மூடியிருந்தாள். துணி காயக் காய எல்லாம் மறைந்தது. மறுபடி நனைத்தோம், மறுபடி வந்தது.

விளக்குப் புகை என்றார் அப்பா. உவர்மண் போட்டு அவரே அடித்துத் துவைத்தார். அப்படியும் போகவில்லை. உடனே உபதேசியாரைக் கூட்டிவந்து, என்ன மருந்து தடவினீர் என்று சண்டைக்கு நின்றார். அவர் அந்தக் கண்ணாடிப் படத்தை எடுத்து வானத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். மரத்துக்குப் பின்னால் வெறும் இருட்டுதான், பெண் இல்லை. பிறகு வேட்டியைப் பார்த்தார். பார்த்தவர் முகம் சுருங்கிவிட்டது.

"என்னைக் கேலி பண்றதுக்கு நீங்களே மையில எழுதி வெச்சீங்களா?" என்றார்.

அவர் எங்களைச் சந்தேகப்பட, நாங்கள் அவரைச் சந்தேகப்பட, அன்றைக்கே அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓமலூர்ப் பக்கம் போய்விட்டார்.

அதற்குள் மாப்பிள்ளை வீட்டுக்குச் சேதி போய்விட்டது, நாங்கள் மதம் மாறி வேதத்தில் சேர்ந்துவிட்டோம் என்று. மாப்பிள்ளையின் அம்மா கறாரான மனுஷி. ஆள் விட்டு, வேட்டியை நான் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம் என்று சொல்லியனுப்பினார். தாலிக்கு முன்னால் வேட்டியை மாப்பிள்ளை வீட்டார் கண்ணெதிரே மஞ்சள் தண்ணீரில் நனைக்க வேண்டும், அதுவும் எங்கள் வழக்கம். வேறு வேட்டி நெய்ய நாள் இல்லை. கடையில் வாங்கி வைத்தால் அந்த அம்மாளுக்குத் தொட்டதும் தெரிந்துவிடும். அக்கா சோறு தின்பதை விட்டுவிட்டாள். நிச்சயம் முறிந்த பெண்ணை அப்புறம் யார் கேட்டு வருவார்கள்?

கல்யாணத்தன்று அந்த அம்மாளே வேட்டியை முக்கி எடுத்தார், தன் முகத்துக்கு நேரே விரித்தார். நான் செம்போடு துணிக்குப் பின்னால் நின்றேன். வெயில் கண்ணில் அடித்தது, எனக்கு வெறும் மஞ்சள்தான் தெரிந்தது. அவர் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். அம்மா என் தோளைப் பிடித்த பிடி வலித்தது. பிறகு அவர் சட்டென்று துணியை முறுக்கிப் பிழிந்தார்.

"நெசவு நல்லா இருக்குது. தாலியக் கட்டச் சொல்லுங்க" என்றார்.

மாப்பிள்ளைக்குத் தன் பெட்டியிலிருந்து வேறு வேட்டி எடுத்துக் கொடுத்தார். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை, தாலி ஏறியதே போதும் என்றிருந்தது.

பல வருஷம் கழித்து அந்த அம்மாள் படுக்கையில் விழுந்தபோது அக்காவுக்கு ஒத்தாசையாகப் போயிருந்தேன். ஒரு மத்தியானம் கஞ்சி ஊட்டிக்கொண்டே எப்படியோ கேட்டுவிட்டேன், அத்தை, அன்றைக்கு வேட்டியில் என்ன பார்த்தீர்கள் என்று.

"ஒரு பொம்பள" என்றார்.

"மண்டி போட்டு ஒருத்தரு இருந்திருப்பாருங்களே?"

"ஆரும் இல்ல. அவ மட்டுந்தான். என்னையப் பாத்து உக்காந்திருந்தா. வாய் தெறந்திருந்துது, எதையோ சொல்றாப்பல."

கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். ஏதாவது காதில் விழுந்ததா என்று கேட்டேன். அவர் கதவைச் சாத்தச் சொன்னார். சாத்திவிட்டு வந்து குனிந்தேன்.

"உழுந்துது. உங்கிட்டச் சொன்னா, நீயும் இன்னொருத்திகிட்டச் சொல்லியே ஆகோணும். என்னால எப்படியோ அடக்க முடிஞ்சுது. உன்னால ஆகாது. வேண்டாம் சாமி, போ."

சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். என்னைப் பயமுறுத்தக் கதை கட்டினாரா என்று இன்றும் எனக்குச் சந்தேகம் உண்டு, அவர் அப்படிச் செய்யக்கூடியவர்தான். வேட்டி அக்கா பெட்டியில் இருக்கிறது. ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் எல்லாம் தெரிந்துவிடும், ஆனால் ஊற்றினவர் இல்லை. பூச்சி அரிக்காமல் இருக்க வருஷத்துக்கு ஒரு முறை வெயிலில் போடுவோம். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். முட்டி மடங்காத இந்த வயதிலும், வானம் ஒரு துளி போட்டால் முதலில் எழுந்து துணியை வாரிக்கொண்டு உள்ளே ஓடுகிறவள் நான்தான்.