ஒன்பது பாட்டு கேசட்டும் என் புதுக் காதும்

மூன்று வருடங்களுக்கு முன்பு, தை பிறக்கப்போகும் சமயத்தில், எனக்குக் காது கேட்காமல் போனது. கொஞ்சம் கொஞ்சமாகப் போகவில்லை. மூளைக்காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பதினோரு நாள் கழித்து நினைவு தெளிந்து பார்த்தபோது உயிர் இருந்தது, சத்தம் இல்லை. ஃபேன் சுற்றுகிறது, நர்ஸின் வாய் அசைகிறது, பக்கத்துக் கட்டிலில் யாரோ டம்ளரைக் கீழே போடுகிறார்கள். எல்லாம் ஒலியை அணைத்துவிட்ட டிவி மாதிரி நடக்கிறது.

அப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது. பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்தில் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். கணவர் விவசாயம் பார்க்கிறார், பெரும்பாலும் குச்சிக்கிழங்கு என்று நாங்கள் சொல்லும் மரவள்ளி. ஒரே மகள், எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாளைக்கு நூறு தடவையாவது “சத்தம் போடாதீங்க” என்று சொல்லிப் பிழைப்பு நடத்தியவள் நான். அந்தச் சத்தம் மொத்தமாக நின்றுபோனால் எப்படி இருக்கும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

இந்தக் காய்ச்சல் வந்தவர்களுக்கு உள்காது சீக்கிரம் இறுகிவிடும், தாமதிக்கக் கூடாது என்றார் டாக்டர். வெளியூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை செய்து காதுக்குள் ஒரு கருவியை வைத்தார்கள். அதற்கு ஜோடியாக இன்னொன்றைக் காதுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ள வேண்டும். அதிலிருந்து வரும் ஒரு சின்ன வட்டம் காந்தம் போல் தலையில் ஒட்டிக்கொள்ளும். புண் ஆறி மூன்று வாரம் கழித்து வரச்சொன்னார்கள், அன்றைக்குத்தான் அதை இயக்குவார்கள் என்று. வீட்டில் லைட் போடுகிற மாதிரி, ஸ்விட்ச் போட்டதும் பழையபடி கேட்டுவிடும் என்று நம்பிக்கொண்டு போனேன்.

ஸ்விட்ச் போட்டார்கள். என் கணவர் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். எவர்சில்வர் பாத்திரத்தைக் கரண்டியால் சுரண்டுவது போல ஒரு சத்தம் வந்தது. மகள் சொன்னாள். அதே சுரண்டல். இருவர் குரலுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அங்கேயே அழுதுவிட்டேன். பயிற்சி கொடுக்கும் பெண் ஒரு தாளில் எழுதிக் காட்டினாள்: “கருவி நல்லா வேலை செய்யுது மேடம். மூளைதான் அதைப் படிக்கப் பழகணும். நீங்க டீச்சர்தானே? அ, ஆ-விலிருந்து ஆரம்பிங்க.”

ஆரம்பித்தோம். தினமும் பள்ளிவிட்டு வந்ததும் மகள் என் எதிரில் உட்கார்ந்து புத்தகத்தைப் பார்த்து வாசிப்பாள். எனக்குக் கீச்சுக்கீச்சென்று கேட்கும். வாயைப் பார்த்து ஊகித்துச் சொல்வேன், அவள் தலையை ஆட்டுவாள். ஒரு மாதத்தில் இருவருமே களைத்துவிட்டோம். நிறையப் பேசுகிற பெண் அவள். பஸ்ஸில் நடந்தது, வகுப்பில் யாரோ யாரையோ சொன்னது, எல்லாவற்றையும் கொட்டுவாள். அவள் இப்போது செல்போனில் மட்டும்தான் என்னிடம் பேசினாள். ஒருநாள் அந்த மெசேஜ்களை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்தேன். “சாப்ட்டேன்.” “போறேன்.” “வந்துட்டேன்.” அவ்வளவுதான் இருந்தது. எனக்கு எழுதிக் காட்டத் தகுந்ததாக அவள் வாழ்க்கையில் அந்த மூன்று வார்த்தைதான் மிச்சம்.

வெளியே மாட்டும் கருவியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். பேட்டரி சரியில்லை என்று பொய் சொன்னேன். இந்தப் பக்கம் என் விடுப்பும் தீர்ந்துகொண்டே வந்தது. இனி வகுப்பு வேண்டாம், ஆபீஸில் ஏதாவது எழுத்து வேலை பார்க்கட்டும் என்று பள்ளியில் பேசிக்கொள்வதாகத் தெரியவந்தது.

இந்த நேரத்தில்தான் ஒரு விஷயம் என்னை உறுத்த ஆரம்பித்தது.

டீச்சர் ட்ரெயினிங் படித்த காலத்தில் தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் ஒரு சினிமாப் பாட்டு கேசட் வாங்கினேன். படம் ஓடவில்லை, இன்று அதன் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. ஆனால் ஒன்பது பாட்டும் முத்து. ஏ பக்கம் ஐந்து, பி பக்கம் நான்கு. என் அப்பா இறந்த வருடம் ஹாஸ்டலில் அதைத்தான் கேட்டேன். படிப்பு முடிந்து வேலை உத்தரவுக்காகக் காத்துக் கிடந்த வருடங்களிலும் அதைத்தான் கேட்டேன். சமைக்கும்போது ஏ பக்கம், பாத்திரம் கழுவும்போது பி பக்கம். வயலின் எங்கே நுழையும், பாடகி எந்த இடத்தில் மூச்சு வாங்குவார், மூன்றாவது பாட்டு முடிந்து நான்காவது தொடங்க எவ்வளவு நேரம் ஆகும், எல்லாம் மனப்பாடம்.

காது அடைத்துக் கிடந்த அந்த மாதங்களில், அடுப்படியில் நிற்கும்போது அந்தக் கேசட் எனக்குள் தானாக ஓடுவதைக் கவனித்தேன். நான் நினைத்துப் பார்த்து ஓட்டுவதில்லை. முதல் பாட்டு முடிந்ததும், அதே இடைவெளி விட்டு, இரண்டாவது தானே வரும். வயலின் வயலினாகவே கேட்கும். காதுதான் செத்துவிட்டதே, அப்புறம் எந்தக் காதால் இதைக் கேட்கிறேன்? இந்தக் கேள்வி என்னை விடவில்லை. வருத்தத்தையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்படி யோசித்தபோதுதான் என் வகுப்பு நினைவுக்கு வந்தது. எழுதத் தெரியாத பிள்ளைக்கு நாங்கள் புள்ளிவைத்து எழுத்தைப் போட்டுக் கொடுப்போம். அதன் மேலேயே எழுதிப் பழகும். உள்ளே சரியாக ஓடும் பாட்டின் மேல், வெளியிலிருந்து வரும் இந்தக் கீச்சுச் சத்தத்தை வைத்து எழுதிப் பார்த்தால் என்ன?

கருவியை எடுத்து மாட்டினேன். செல்போனில் அந்தப் பாட்டுகள் கிடைத்தன. ஆனால் வரிசை வேறு, நடுநடுவே விளம்பரம், எங்கே இருக்கிறேன் என்றே பிடிபடவில்லை. எனக்கு அந்த ஒன்பதும் அந்த வரிசையிலேயே வேண்டும். ஒன்றின் வால்தான் அடுத்ததன் தலையைக் காட்டும். கேசட் பீரோவில் பத்திரமாக இருந்தது, போட்டுக் கேட்கத்தான் எதுவுமில்லை. என் கணவர் நோட்டில் எழுதினார்: “கடத்தூர்ல மைக் செட் கடை ஒண்ணு இருக்குது. அவருகிட்ட பழைய டெக் இருக்கும். போலாமா?”

பைக்கில் போனோம். கடை வாசலில் இறங்கியதும் திரும்பிப் போய்விடலாமா என்று பார்த்தேன். அந்த மைக் செட்காரரை எனக்குத் தெரியும். முந்தைய வருடம் பரீட்சை நேரத்தில், ஒரு கோயில் திருவிழாவுக்கு எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து மரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார். நான் நேராகப் போய், ஊர்க்காரர்கள் முன்னால் அவரைக் கன்னாபின்னாவென்று பேசினேன். போலீஸுக்குப் போன் பண்ணுவேன் என்றுகூடச் சொன்னேன். அவர் தானே மரத்தில் ஏறி ஸ்பீக்கரை அவிழ்த்தார்.

அவருக்கும் என்னை அடையாளம் தெரிந்தது. என் தலையில் ஒட்டியிருந்த வட்டத்தைப் பார்த்தார். என் கணவர் விஷயத்தைச் சொல்லச்சொல்ல அவர் முகம் மாறியது. பில் புத்தகத்தைத் திருப்பி அதன் பின்பக்கத்தில் எழுதினார்: “உக்காருங்க டீச்சர்.”

டெக்கைத் துடைத்துச் சுத்தம் செய்தார். கேசட்டைப் போட்டு, ஓட ஓடப் பென் டிரைவில் ஏற்றினார். இரண்டு பக்கமும் ஓடி முடிய ஒரு மணி நேரம் போல ஆனது. பாட்டு பாட்டாக வெட்டித் தரட்டுமா என்று கேட்கிறார் என என் கணவர் எழுதிக் காட்டினார். வேண்டாம், நடுவில் இருக்கும் இடைவெளி அப்படியே இருக்கட்டும் என்றேன். அவர் தலையாட்டினார். கிளம்பும்போது கையை ஆட்டி ஆட்டி நீளமாக ஏதோ சொன்னார். என் கணவர் அதைச் செல்போனில் தட்டிக் காட்டினார்:

“தூரத்துல கோயில் பாட்டு போடறப்ப நம்ம காதுக்கு மொதல்ல என்னுங்க வருது? பாட்டு வராது. தாளந்தாங்க வரும். கிட்ட போகப்போகத்தான் பாட்டு வரும். டீச்சர மொதல்ல தாளத்த மட்டும் புடிக்கச் சொல்லுங்க.”

எத்தனையோ ஸ்பீக்கர்களோடு காலம் தள்ளிய மனிதர். நான் போன வருடம் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அப்போதெல்லாம் என் குரலின் அளவு எனக்கே தெரியாது. ரோட்டில் போனவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள். அவர் சிரித்துவிட்டார். அவர் சொன்னதை என் கணவரும் சிரித்துக்கொண்டே தட்டிக் காட்டினார்: “இப்ப உங்க சத்தந்தான் ஜாஸ்திங்க டீச்சர்.” காது போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

அவர் சொன்னபடியே செய்தேன். சின்ன ஸ்பீக்கர் ஒன்றில் பென் டிரைவைச் செருகி, பாட்டு, குரல், வயலின் எதையும் தேடாமல், தொடையில் தாளம் மட்டும் தட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு வாரம் இரைச்சல்தான். எட்டாவதோ ஒன்பதாவதோ நாள், இரண்டாவது பாட்டில் தபேலா சட்டென்று நின்று, நாலு தட்டு பொறுத்து, மறுபடி சேரும் ஓர் இடம் வந்தது. எனக்குள் நின்ற அதே நொடியில் வெளியிலும் நின்றது. நாலு எண்ணினேன். சேர்ந்தது! எழுந்து நின்றுவிட்டேன். அப்புறம் ரீவைண்ட் செய்து ரீவைண்ட் செய்து அந்த இடத்தையே கேட்டேன்.

தாளத்தைப் பிடித்துக்கொண்டு போகப்போக வார்த்தைகள் தட்டுப்பட ஆரம்பித்தன. ராகம் வரவில்லை, பாடகி தவளை மாதிரிதான் பாடினார். ஆனால் இந்த இடத்தில் இந்த வார்த்தை வரும் என்று காத்திருந்தால், வந்தது. இதிலும் எனக்கு ஒரு சந்தேகம். நிஜமாகவே கேட்கிறேனா, ஞாபகத்திலிருந்து நானே போட்டுக்கொள்கிறேனா? மகளைக் கூப்பிட்டு, எங்கிருந்தாவது போடு, எந்தப் பாட்டு என்று நான் சொல்கிறேன் என்றேன். அவளுக்கு இது விளையாட்டாகப் போயிற்று. நோட்டுப் போட்டு மார்க் எழுதினாள். முதல் நாள் பத்துக்கு இரண்டு. ஒருமுறை ஏழாவது பாட்டை நான்காவது என்று நான் அடித்துச் சொல்ல, அவள் தரையில் உருண்டு சிரித்தாள். மூன்று வாரத்தில் பத்துக்கு எட்டு வந்தது. அதற்குள் அந்தப் பாட்டெல்லாம் அவளுக்கும் மனப்பாடமாகி, கூடவே பாட ஆரம்பித்திருந்தாள். கேட்கக் கேட்கச் சுரண்டலுக்கும் சுரண்டலுக்கும் வித்தியாசம் தெரிந்தது. ஒன்று பாடகி, ஒன்று என் மகள்.

ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அடுப்பில் பாலை வைத்துவிட்டு, அதை மறந்து, கூடத்தில் வந்து ஆறாவது பாட்டில் மூழ்கி உட்கார்ந்திருந்தேன். மகள் எனக்குப் பின்னால் உட்கார்ந்து ஹோம் ஒர்க் எழுதிக்கொண்டே பாடிக்கொண்டிருந்தாள். அவள் வாய் எனக்குத் தெரியாது. பல்லவியின் இரண்டாவது வரி வரவேண்டிய இடம். வழக்கமான வார்த்தைக்காகக் காத்திருந்தேன். அந்த இடத்தில், அந்தத் தாளத்தில், வேறு ஏதோ வந்தது.

நான் எழுந்து அடுப்படிக்கு ஓடி அடுப்பை அணைத்தேன். பால் பொங்கி மேடையெல்லாம் வழிந்திருந்தது. துணியை எடுத்துத் துடைக்கப் போனவள், கை அப்படியே நின்றுபோய், திரும்பிப் பார்த்தேன். வாசற்படியில் மகள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள்.

“நீ என்ன பாடின?” என்றேன்.

அவள் கையை எடுக்காமலே சொன்னாள். கை மறைத்ததால் உதடு தெரியவில்லை. ஆனாலும் கேட்டது. “பால் பொங்குதும்மா, பால் பொங்குதும்மா.”

வழக்கமாக அவள் வந்து தோளைத் தட்டுவாள். அன்று சும்மா விளையாட்டுக்கு, பாட்டு வரிக்குள் அதை வைத்துப் பாடிப் பார்த்திருக்கிறாள். எட்டு மாதத்துக்குப் பிறகு, முன்கூட்டித் தெரியாத ஒரு வாக்கியம், வாயைப் பார்க்காமல் எனக்குக் காதால் புரிந்தது. அதுவும் என் பெண்ணின் வாக்கியம். இருவரும் கட்டிக்கொண்டு அழுதோம், சிரித்தோம். அப்போது கிழங்குக் காட்டிலிருந்து வந்த என் கணவர் எங்களையும் அடுப்பையும் மாறிமாறிப் பார்த்தார். “என்ன இது, வூடெல்லாம் பாலா கெடக்குது, அம்மாளும் மவளும் சிரிச்சிக்கிட்டு நிக்கறீங்க?” என்று கேட்டதாக மகள் பிறகு சொன்னாள். எனக்கு அதில் ‘பால்’ மட்டும்தான் கேட்டது. அன்றைக்கு அது போதும்.

அதன் பிறகு மகள் எல்லாவற்றையும் பாட்டுக்குள் வைத்துப் பாடினாள். “கரண்டு போச்சும்மா”, “டெஸ்ட்டுல பெயிலும்மா”. மெல்ல மெல்லப் பாட்டு இல்லாமலும் புரிய ஆரம்பித்தது. அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே மூன்றாம் வகுப்புக்குத் திரும்பிவிட்டேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பஸ்ஸுக்குள் யார் பேசினாலும் புரியாது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் திண்டாடிப் போவேன். ஆனால் அந்த ஒன்பது பாட்டை மட்டும் இப்போது ராகத்தோடு கேட்கிறேன். வேறு எந்தப் பாட்டும் அப்படி வருவதில்லை. இது கருவி தருவதா, என் ஞாபகம் தருவதா என்று பயிற்சி கொடுத்த அந்தப் பெண்ணிடம் கேட்டேன். “ரெண்டும் சேர்ந்துதான் மேடம்” என்றாள். எது எவ்வளவு என்று இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

முன்பெல்லாம் ஒரு பிள்ளைக்குப் பாடம் புரியவில்லையென்றால் அதையே இன்னும் சத்தமாகச் சொல்வேன். இப்போது பக்கத்தில் உட்கார்ந்து, “இதுல உனக்கு ஏற்கெனவே தெரிஞ்சது எது?” என்று கேட்கிறேன். புரியாத ஒன்றின் முன்னால் திகைத்து நிற்கும் யாரைப் பார்த்தாலும், அவர்களுக்குள் அந்த நேரத்திலும் ஓடிக்கொண்டிருக்கும் பாட்டு எதுவாக இருக்கும் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசையாக இருக்கிறது.