ஒப்புதலுக்குக் காத்திராத வயிறு

லோதி ரோடு அரசுக் குடியிருப்பில் இருந்தபோது, ஒரு ஜூன் மாதத்தில், என் ஏழு மாத மகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. மதியத்திற்குள் கண்கள் குழிந்துவிட்டன.

அமைச்சகத்தில் என் வேலை, சிசு மரணம் பற்றிய கோப்புகளுக்குக் குறிப்பு எழுதுவது. தாய் படித்திருந்தால், அவளுக்கென்று ஒரு சம்பளமும் இருந்தால், குழந்தை பிழைக்கும் வாய்ப்புக் கூடும் என்று அலுக்காமல் எழுதிவந்தேன். படித்த தாயின் வீட்டில் ஒரு கணவரும் இருப்பார் என்பதைக் குறிப்பில் சேர்க்கத் தோன்றியதில்லை.

என் கணவரும் அரசு அதிகாரி. மேலிடத்தைக் கேட்காமல் எதுவும் செய்யாதவர். வீட்டு விஷயங்களுக்கு மேலிடம், கரோல் பாகில் வசித்த அவருடைய பெரியப்பா. இயக்குநராக ஓய்வு பெற்றவர்.

நான் டாக்டரைத் தொலைபேசியில் அழைத்தேன். "ஓ.ஆர்.எஸ். பொடியைக் கரைத்து ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள், தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். சிறுநீர் போனால் உடம்பில் நீர் தங்குகிறது என்று பொருள். சாயங்காலத்திற்குள் போகாவிட்டால் உடனே கொண்டுவாருங்கள்" என்றார். டாக்சிக்காரரிடமும் சொல்லிவைத்தேன், அதற்கும் யாரையும் கேட்கவில்லை.

"நீ சொல்றது கரெக்ட்தான்," என்றார் கணவர். "பெரியப்பா மெட்ரோல வந்துண்டிருக்கார். அவர் காதுல ஒரு வார்த்தை போட்டுட்டு ஆரம்பிக்கலாமே?"

"அவர் கையெழுத்துப் போடற வரைக்கும் இவ வயிறு காத்திருக்குமா?"

ஈரம் பட்டால் தெரியட்டும் என்று டயப்பரைக் கழற்றி, உலர்ந்த துணியில் கிடத்தி, ஸ்பூனை எடுத்தேன்.

பெரியப்பா, கஞ்சி போட்ட வெள்ளைக் குர்தாவில் வந்து சேர்ந்தார். "அச்சா, தண்ணி குடுக்கறியா? குழாய் ஒழுகினா வால்வை மூடணும்மா. நீ டேங்கை ரொப்பிண்டிருக்கியே!"

"டேங்க் காலியானா மோட்டார் புகைஞ்சுடும், பெரியப்பா."

கணவர் எங்களை மாறிமாறிப் பார்த்தார். "ரெண்டு பேர் சொல்றதுலயும் பாயிண்ட் இருக்கு."

வெயில் ஜன்னலை விட்டு இறங்கியது. துணி உலர்ந்தே கிடந்தது. டாக்சியை வரச் சொல்லிவிட்டு, பையை எடுப்பதற்காகக் குழந்தையைப் பெரியப்பாவின் மடியில் கொடுத்தேன்.

"ஐயையோ! பிடி, பிடி! ஜல்தி!"

குர்தாவின் முன்புறம் வயிறுவரை சிறுநீரில் நனைந்திருந்தது. அவர் எழப் பார்த்தார். நான் தோளை அழுத்தி உட்காரவைத்தேன்.

"அசையாதீங்கோ, பெரியப்பா!"

இரண்டு கைகளையும் அகல விரித்து, கோபத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "முடிஞ்சுதா?"

"இன்னும் கொஞ்சம் போகட்டும்" என்றார் என் கணவர், யாரையும் கேட்காமல்.