தடைக்காலத்து இரண்டாம் அடுப்பு

சித்திரை பிறந்தால் விசைப்படகுகளைக் காசிமேட்டில் கட்டிப்போட்டுவிட்டு, ஆண்கள் எல்லோரும் எண்ணூரில் எங்கள் குப்பத்துக்குத் திரும்பிவிடுவார்கள். மீன் குஞ்சு பொரிக்கும் காலம். இரண்டு மாதம் கடலுக்குப் போகக் கூடாது. அதற்கு அரசாங்கம் நிவாரணம் தரும், ரேஷன் கார்டுக்கு ஒன்று என்று. பெரியவர்களுக்கு அது கை வறண்ட காலம். எனக்கோ நைனாவும் அண்ணனும் பகலில் வீட்டிலேயே இருக்கிற காலம். அம்மா வைக்கும் ஒரே சட்டிக் குழம்பைச் சுற்றி உட்கார்ந்து, கருவாட்டுத் துண்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டே சாப்பிடுவோம். அப்படி ஒரு ருசி பிறகு எனக்குக் கிடைக்கவே இல்லை.

அண்ணனுக்குக் கல்யாணம் ஆனதும், அவனுக்குத் தனிக் கார்டு வாங்கினால் இன்னொரு நிவாரணம் வரும் என்று கணக்குப் போட்டவள் அம்மாதான். மனுப் போட்டாயிற்று. விசாரணைக்கு வருகிறவர் தனியாக அடுப்பு எரிகிறதா என்றுதான் முதலில் பார்ப்பார் என்று குப்பமே சொன்னது. பின்பக்கம் ஷீட் போட்ட இடத்தில் அம்மாவே ஒரு ஸ்டவ்வைக் கொண்டுபோய் வைத்தாள்.

"சும்மா பத்த வெச்சா நம்ப மாட்டாங்க. இன்னாவாது கொதிக்கணும்மே" என்று அண்ணியிடம் சொன்னாள்.

வந்தவர் எட்டிப் பார்த்தார், கையெழுத்து வாங்கினார், போய்விட்டார். கொதித்த குழம்பைக் கொட்டவா முடியும்? அண்ணிக்குக் காட்டுப்பள்ளிப் பக்கம். நெத்திலிக் கருவாட்டில் மாங்காய் நிறையப் போட்டு, தண்ணியாக வைத்திருந்தாள். நைனா இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "சோக்கா கீதும்மா" என்றார். மனிதருக்கு வாய் சும்மா இருக்காது. அம்மா தன் சட்டியை மூடி வைத்தாள்.

மறுநாள் காலையில், "ஸ்டவ்வ எடுத்து உள்ள வெச்சிடு" என்றாள் அம்மா.

"திரும்பி வந்து பாத்தா இன்னா சொல்றது அத்த? இருந்துட்டுப் போவட்டும்" என்றாள் அண்ணி.

ஸ்டவ் அங்கேயே இருந்தது. கார்டு வந்தது, அடுத்த தடைக்காலத்தில் இரண்டு நிவாரணமும் வந்தன. அதற்குள் அண்ணிக்கென்று ஒரு உப்பு ஜாடி, ஒரு அரிசி டின், ஒரு அம்மிக்கல். சண்டை என்று ஒன்று நடக்கவே இல்லை. நடந்திருந்தால் சமாதானமாவது ஆகியிருக்கலாம் என்று எனக்கு இன்றும் ஆத்திரம் வரும்.

நைனா போய்ச் சேர்ந்துவிட்டார். நான் திருவொற்றியூரில் வாழ்க்கைப்பட்டேன். இந்தத் தடைக்காலத்தில் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். முன்பக்கம் அவள் அடுப்பில் சின்னச் சட்டி ஒன்று, ஒரு ஆளுக்குத்தான் காணும். பின்பக்கத்திலிருந்து மாங்காய் வாசனை வந்தது, பேரப்பிள்ளைகள் கருவாட்டுக்கு அடித்துக்கொள்ளும் சத்தமும் வந்தது. அம்மா அந்தப் பக்கமே காதை வைத்துக்கொண்டிருந்தாள். அப்போது அவள் போனில் மெசேஜ் வந்தது.

"நிவாரணம் ஏறிடுச்சும்மா" என்றேன்.

அவள் போனை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "இப்பல்லாம் யாரும் வூட்டாண்ட வந்து பாக்கறதில்லியா?" என்று கேட்டாள்.

"ஏம்மா?"

"வந்தா, ரெண்டும் ஒரே குடும்பந்தான்னு சொல்லிடலாம். ஒரு பணம் போனா போவுது."