மணல் மேட்டில் மாப்பிள்ளை

சிவமுருகனிடம் பேச்சு எங்கே தொடங்கினாலும் மணலில் வந்துதான் முடியும். ஏரியில் துடுப்புப் படகு ஓட்டுகிறவன் வேறு எதையாவது பேசக் கூடாதா என்று நானே அவனைத் திட்டியிருக்கிறேன். என் பெயர் சர்புன்னிசா. ஓடை வந்து ஏரியில் சேரும் மூலையில் மிளகாய் பஜ்ஜி போடுகிறேன். தண்ணீர் மேல் பேசும் பேச்சு கரைக்குத் துல்லியமாகக் கேட்கும். அதனால் படகில் யார் என்ன பேசினாலும் என் காதுக்குத் தப்பாது.

தேனிலவுக்கு வந்த ஜோடிகளை ஏற்றிக்கொண்டு போய், இந்த மனுஷன் அவர்களுக்கு மணல் பாடம் நடத்துவான். மழை பெய்தால் மேலே கேரட் தோட்டத்து மண்ணையும் மணலையும் ஓடை வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடிவரும். ஏரிக்குள் நுழைந்ததும் வேகம் செத்துவிடும். வேகம் போனால் சுமையைத் தூக்கிப் போக முடியாது, அங்கேயே போட்டுவிடும். முதலில் பருமணல், கொஞ்சம் தள்ளிப் பொடிமணல், அதற்கும் அப்பால் சேறு. இப்படிச் சேர்ந்து தண்ணீருக்கடியில் ஒரு மேடு உண்டாகும். அதுவும் சும்மா கிடக்காது. ஓடைப் பக்கம் இருக்கும் மணலைத் தண்ணீர் சுரண்டி, மறுபக்கச் சரிவில் கொட்டிக்கொண்டே இருக்கும். அப்படியே மேடு ஏரிக்குள் நகர்ந்து வரும். இதையெல்லாம் கேட்டுப் புதுப்பெண்கள் கொட்டாவி விடுவதை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன்.

ஒருமுறை சிநேகிதன் கல்யாணத்துக்காக வைகை கடலில் சேரும் பக்கம் போனான். தாலி கட்டும் நேரத்தில் ஆளைக் காணோம். ஆற்றுமுகத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று மணலைப் பார்த்துக்கொண்டிருந்தானாம். ஆறு கொண்டுவந்து போடுவதைக் கடல் அலை திருப்பித் தள்ளுகிறது, அதனால் அங்கே மேடு இன்றைக்கு ஓரிடம், நாளைக்கு ஓரிடம் என்று திரும்பி வந்து அரை நாள் சொன்னான். கல்யாணச் சாப்பாடு எப்படி என்று கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, சாப்பிட்ட ஞாபகம் இல்லை என்றான்.

இப்படிப்பட்டவனுக்கு முப்பத்தாறு வயதாகியும் பெண் அமையாததில் எனக்கு ஆச்சரியமில்லை, வருத்தம்தான். குடி கிடையாது, கெட்ட வார்த்தை கிடையாது. பார்த்த பெண் வீட்டார் எல்லாரும் ஒரே காரணத்தைத்தான் சொன்னார்கள். தண்ணீரில் பிழைக்கிறவன், என்றைக்கு முங்குவானோ என்று பயந்தார்கள். நாயுடுபுரத்தில் இருக்கும் அவன் அக்கா முருகம்மாள், இனி இவனுக்குக் கல்யாணமே இல்லை என்று அழுது ஓய்ந்த நேரத்தில்தான் பெரும்பாறையிலிருந்து வரன் வந்தது. பெண் மணிமேகலை, காப்பித் தோட்டத்தில் சூப்பர்வைசர். அதே தோட்டத்தில் வேலை பார்க்கும் அவள் தாய்மாமன் முத்துராஜ் வந்து மாப்பிள்ளை வீட்டைப் பார்ப்பதாக ஏற்பாடு.

முருகம்மாள் உடனே ஒரு காரியம் செய்தாள். மலைக்காற்றும் வெயிலும் பட்டு எங்கள் ஊர்க்காரர்களின் கன்னம் கருகிக் கிடக்கும். சிவமுருகனின் கன்னம் சுட்ட கத்திரிக்காய்தான். அதனால் அந்த வாரம் முழுக்கத் தம்பியை ஏரிப் பக்கமே விடாமல் வீட்டுக்குள் உட்காரவைத்து, கடலைமாவும் தயிரும் குழைத்துப் பூசினாள். பஜ்ஜிக்கு நான் வாங்கி வைத்திருந்த மாவில் கால்வாசி அவன் கன்னத்துக்குப் போனது.

அதே வாரம் மழை கொட்டித் தீர்த்தது. மேடு எதுவரை வந்திருக்கிறது என்பதற்கு அடையாளமாக, சிவப்புத் துணி கட்டிய யூகலிப்டஸ் கம்பு ஒன்றை ஏரிக்குள் நட்டிருப்பார்கள். மழைக்கு மறுநாள் விடிந்ததும் போய் அதைப் பிடுங்கி, மேடு நகர்ந்த இடத்தில் மாற்றி நடுவது சிவமுருகன் வேலை. வேறு யாராவது தொட்டால் சண்டைக்கு வருவான். அதனால் யாரும் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் வந்திறங்கினார்கள். மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெண் வருகிற வழக்கம் இல்லை. மணிமேகலை, ஏரியைப் பார்த்து நாளாச்சு என்று சொல்லி வண்டியில் ஏறிவிட்டாளாம். கெட்டிக்காரிதான். முத்துராஜ் ஆள் நல்ல பருமன். காப்பி குடித்த கையோடு ஏரிக்கரைக்கு வந்து, ஒரு சுற்று அழைத்துப் போகச் சொன்னார். அதுதான் பரீட்சை என்று கரையில் நின்ற எல்லோருக்கும் புரிந்தது. இதில் தேறினால் கல்யாணம், இல்லாவிட்டால் ஜீப் கிளம்பிவிடும்.

பட்டு வேட்டியும் பளபளக்கிற கன்னமுமாக சிவமுருகன் துடுப்புப் போட்டான். ஏரியைச் சுற்றிக் காட்டிவிட்டு, திரும்பும்போது என் கடைப் பக்கம் வந்தான். அந்தக் கம்புக்கு வெளியே எல்லாம் ஆழம் என்று மாமனிடம் பெருமையாக விளக்கிக்கொண்டே வந்தவன், கம்பை விட்டுத் தாராளமாக விலகித்தான் படகை விட்டான். சரக்கென்று ஒரு சத்தம். படகு அப்படியே உட்கார்ந்துவிட்டது.

முத்துராஜ் இரண்டு பக்கமும் படகைப் பிடித்துக்கொண்டு, காப்பாத்து சாமி என்று கடவுள் முருகனைக் கூப்பிட ஆரம்பித்தார். சிவமுருகன் துடுப்பை ஊன்றித் தள்ளினான். அசையவில்லை. கரையிலிருந்த மற்றப் படகுக்காரர்கள் விசுவாசமான பிள்ளைகள். பின்பக்கம் பாரம் கூடிவிட்டது, அதனால்தான் தட்டிவிட்டது என்று கத்திச் சொன்னார்கள். நல்ல பொய். மாமன் உடம்பைப் பார்த்தால் யாரும் நம்புவார்கள். அதைப் பிடித்துக்கொள்ளடா என்று நான் மனசுக்குள் வேண்டினேன்.

மணிமேகலை அவனைப் பார்த்து, “நெசமாவே பாரந்தானா?” என்று கேட்டாள்.

“இல்லங்க. மழைக்கு மேடு நகந்திருச்சு. மறுநா வெள்ளனே வந்து கம்ப மாத்தி நட்டிருக்கணும். நீங்க வர்றீங்கன்னு மூஞ்சியில மாவ அப்பிக்கிட்டு வீட்டுல உக்காந்ததுல அதையே மறந்துட்டேன். தப்பு என்னோடதுதான்.”

முடிந்தது என்று நினைத்தேன். எண்ணெயில் பஜ்ஜி கருகியதுகூட எனக்குத் தெரியவில்லை.

சிவமுருகன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் குதித்தான். முழங்காலுக்குக் கீழேதான் தண்ணீர். மாமன் முருகனைக் கூப்பிடுவதைப் பாதியில் நிறுத்தினார். மணிமேகலையும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள். அப்போதும் படகு மிதக்கவில்லை. கடைசியில் முத்துராஜும் இறங்கி, ஏரிக்குள் கெண்டைக்காலளவு தண்ணீரில் நின்று, இந்தச் சம்பந்தம் வேண்டாம், தொழில் தெரியாதவனிடம் பெண்ணைக் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்.

“மாமா, நம்ம தோட்டத்துல மழைக்கு மறுநா, செடிக்கு நடுவுல வெட்டுன குழியில சேந்த மண்ண அள்ளச் சொல்றோம்ல? அள்ளாம விட்டா எத்தன பேரு நாந்தான் விட்டேன்னு ஒத்துக்கிட்டிருக்கான்? ஒருத்தனச் சொல்லுங்க பாப்பம்.”

முத்துராஜ் விரல்விட்டு எண்ணப் பார்த்து, ஒரு விரலும் மடங்காமல் கையை இறக்கிக்கொண்டார்.

அவள் சிவமுருகன் பக்கம் திரும்பினாள். “கன்னம் கருகுனா கருகிட்டுப் போகுது. கல்யாணத்தன்னிக்கு மழ பேஞ்சாலும் கம்ப மாத்தி நட்டுட்டுத்தான் மணமேடைக்கு வரணும்.”

சிவமுருகன் தலையாட்டினான். முருகம்மாள் கரையில் நின்று அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. காலையிலிருந்து பெரியவர்கள் அத்தனை பேரும் சுற்றி வளைத்துப் பேசினார்களே தவிர, கல்யாணம் என்ற வார்த்தையை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லியிருக்கவில்லை. அதை முதலில் சொன்னது அவள்தான்.