வக்கீலின் ஃபிரேம்வொர்க்

எங்கள் ஆபீசில் அவருக்கு வக்கீல் என்று பெயர். படித்தது என்னவோ கம்ப்யூட்டர்தான். செல்போனுக்கான ஆப்பை ஒருமுறை எழுதினால் இரண்டு வகை போனிலும் ஓடவைக்கிற ஃபிரேம்வொர்க் என்ற மென்பொருளை யாராவது குறையாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், வரிந்துகட்டிக்கொண்டு வக்காலத்துக்கு வந்துவிடுவார். சட்டைப்பையில் ஒரு போன், பேண்ட் பையில் இன்னொன்று. இரண்டையும் எடுத்து வைத்து, "பாருங்க, ரெண்டுலயும் ஒரே மாதிரி ஓடுது!" என்பார்.

எதிர்க்கட்சி எங்கள் சீனியர். "ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியா எழுதினாத்தான்யா உருப்படும்." டீ ஆறிப்போகும், இவர்கள் வாய் ஓயாது. ஆப்பைச் சோதித்துப் பார்க்கிற நான் நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பேன்.

நாங்கள் செய்தது, ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கும் ஆப். வக்கீலின் அக்காவும் அதைத்தான் பயன்படுத்தினார். அவருக்குப் பார்வை கிடையாது. விரல் படும் இடத்தில் என்ன இருக்கிறதென்று போன் வாய்விட்டுச் சொல்லும், அதைக் கேட்டே எல்லாம் செய்துகொள்வார். தம்பியைப் படிக்கவைத்தது அவர் சம்பளம்தான். ஆனால் தன் காரியத்துக்குத் தம்பியைக்கூடக் கேட்க மாட்டார்.

எங்கள் ஆப்போ எந்தப் பட்டனைத் தொட்டாலும் "பட்டன்" என்று மட்டுமே சொல்லும். இதை இரண்டு தடவை பிழையென்று எழுதிக் கொடுத்தேன். வக்கீல், "ஃபிரேம்வொர்க்கோட அடுத்த வெர்ஷன்ல தானா சரியாயிடும்" என்று ஓரங்கட்டினார். சீனியர், "மொத்தமா மாத்தி எழுதும்போது பாத்துக்கலாம்" என்று கிடப்பில் போட்டார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத்தான் தோன்றியது.

முட்டிவலிக்கு அந்த டாக்டரிடம் நேரம் கிடைக்க அக்கா மாதக்கணக்கில் அல்லாடினார். கிடைத்தது. ஆப்பில் பட்டனையும் அழுத்திவிட்டு, குறித்த நாளில் ஆஸ்பத்திரிக்குப் போனவர், அங்கிருந்து நேராக எங்கள் ஆபீசுக்கு வந்து நின்றார்.

"நான் ரத்து பண்ணிட்டேன்னு திருப்பி அனுப்பிட்டாங்கடா. மேல இருக்கறது உறுதி செய்யறது, கீழ இருக்கறது ரத்துன்னு மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தேன். எப்படா மாத்தின?"

பார்வைக்கு எடுப்பாக இருக்கட்டுமென்று போன வெர்ஷனில் இரண்டையும் இடம் மாற்றியது வக்கீல்தான்.

சீனியருக்கு வாய் சும்மா இருக்குமா? "நான் அப்பவே சொன்னேன்ல, இந்த ஃபிரேம்வொர்க்கே—"

வக்கீலுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "ஃபிரேம்வொர்க்கைச் சொல்லாதீங்க! போன் படிச்சுச் சொல்ல ஒவ்வொரு பட்டனுக்கும் பேர் எழுத அதுல இடம் இருக்கு!"

"இருக்கா?" என்றார் அக்கா. "அப்புறம் ஏன்டா எழுதல?"

வக்கீலைப் பார்க்க எனக்குப் பாவமாகவும் இருந்தது, நாலு வார்த்தை கேட்கவேண்டும் போலவும் இருந்தது. அவர் உடனே உட்கார்ந்து எல்லாப் பட்டனுக்கும் பெயர் எழுதினார். அக்காவுக்கு நான் டீ வாங்கி வந்தேன். அவர் குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. இத்தனை காலம் அடித்துக்கொண்டது இதற்குத்தானா!

புது ஆப்பை அக்காவின் போனிலேயே ஏற்றிக் கொடுத்தார். அக்கா விரலை வைத்தார். "நேரம் எடு" என்றது போன். அழுத்தினார்.

"இந்த டாக்டரிடம் இந்த மாதம் நேரம் எதுவும் காலியில்லை."

"இப்ப நல்லாப் பேசுதுடா" என்று சொல்லிவிட்டு அக்கா தடியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.