டென்ஸில் சுற்றாத விசிறி

போன வாரம் நாங்கள் அடக்கம் செய்த டென்ஸில், இங்கிலாந்தின் கார்ன்வாலில் எங்கள் புல்தரை விமானத்திடலில் என் பக்கத்துக் கொட்டகைக்காரர். பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். அவருடைய பழைய விமானத்தின் மூக்கிலுள்ள விசிறியைக் கையால் சுற்றினால்தான் எஞ்சின் பிடிக்கும். "சுவிட்ச் போட்டாச்சா?" என்று கேட்பார். உள்ளேயிருந்து மனைவி மேவிஸ், "போட்டாச்சு கிழவா, கை பத்திரம்!" என்பார். பதில் வராமல் விசிறியைத் தொடக்கூடாது என்பது எங்கள் எல்லோருக்கும் வழக்கம்.

மேவிஸ் இறந்த பிறகு தனியாகவே இறக்கைத் துணியை மாற்றி, எஞ்சினைப் பிரித்துக் கோர்த்து, ஒரு வெயில் நாளில் விமானத்தை வெளியே தள்ளினார். ஒரு தடவையாவது மறுபடி பறக்க வேண்டும் என்றார்.

"நான் உள்ள உக்காரட்டுமா?" என்றேன்.

"நீ உக்காந்தா அது எங்க எழும்பும்? போப்பா."

வாலை முளையில் கட்டினார். சக்கரங்களுக்குக் கட்டை வைத்தார். சுவிட்சைத் தானே போட்டுவிட்டு முன்னால் வந்து, விசிறியை நோக்கிக் கையைத் தூக்கினார். "சுவிட்ச் போட்டாச்சா?" என்று பழக்கத்தில் கேட்டுவிட்டார்.

தூக்கிய கை அப்படியே நின்றது. வெகுநேரம் கழித்துத்தான் இறக்கினார்.

"காத்து சரியில்ல," என்றார். "உள்ள தள்ளிடலாம்."

கம்பத்தில், காற்றின் போக்கைக் காட்டும் துணிப்பை அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. நான் இறக்கையைப் பிடித்துத் தள்ளினேன். அதன்பின் அவர் அதை வெளியே எடுக்கவேயில்லை.