மலைமேல் ஒரு லயம்

மூன்று கூடாரம், ஒரு கேத்தல், அட்டை கடித்தால் தடவ உப்புப் பொட்டலம் பத்து. என் தொழிலின் மொத்தச் சொத்து இவ்வளவுதான். தரையில் ஒரு நாள்கூடப் படுத்தறியாத கொழும்புப் பிள்ளைகள் ரயிலில் எல்லவுக்கு வந்து இறங்குவார்கள். அவர்களைக் குறைந்த செலவில் பூனாகலைப் பக்கத்து மலைகளுக்கு நடத்திக்கொண்டுபோய், ஒரு ராத்திரி தூங்கவைத்து, முழுசாகத் திருப்பி அனுப்ப வேண்டும். இதையெல்லாம் எங்கே படித்தீர்கள் என்று கேட்பார்கள். ஒன்பதாம் வகுப்போடு வாத்தியார்களுக்கு விடுதலை கொடுத்தவன் நான் என்று சொன்னால் நம்பி வருவார்களா? அதனால் "வெளிநாட்டுப் பயிற்சி" என்பேன். முழுப் பொய்யும் இல்லை. என் முதல் கூடாரம் குவைத்திலிருந்து வந்தது.

அப்போது எனக்குப் பத்து வயது. அம்மாவின் தங்கை, என் சித்தி, குவைத்தில் ஒரு வீட்டில் மூன்று வருஷம் வேலை செய்துவிட்டு லீவில் வந்திருந்தாள். பெட்டியைத் திறந்தபோது புலிப் படம் போட்ட கம்பளியும் சாக்லேட்டும் சென்ட் போத்தல்களும் வந்தன. அடியில் ஒரு பச்சைக் கூடாரம் சுருண்டு கிடந்தது. அந்த வீட்டுக்காரர்கள் குளிர்காலத்தில் குடும்பத்தோடு பாலைவனத்துக்குப் போய்க் கூடாரம் போட்டுத் தங்குவார்களாம். பழசாகிவிட்டதென்று வீசியதை சித்தி எடுத்து வைத்திருக்கிறாள்.

"ஒங்களையும் கூட்டிக்கிட்டுப் போவாங்களா சித்தி?"

"வீட்டப் பாத்துக்க ஒரு ஆளு வேணும்ல" என்றாள் சித்தி. உடனே என் வாயில் இன்னொரு சாக்லேட்டைத் திணித்தாள்.

எங்கள் தோட்டத்து லயத்தில், அந்த ஒரே நீளக் கூரையின் கீழ் அடுத்தடுத்த அறைகளில் இருந்த பெண்கள் குவைத் கதை கேட்க வந்தால், தனி அறை, ஏசி, கட்டில் என்று அடுக்குவாள். அவர்கள் பெருமூச்சு விட்டபடி எழுந்து போவார்கள். திங்கட்கிழமை ஏஜென்ட் வருவான், பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு போவான், சித்தி மறுபடி பறப்பாள். அதற்குமுன் எல்லோரும் ஒரு ராத்திரி மலையில் தங்க வேண்டும் என்பது அவள் பிடிவாதம்.

"அங்க கோயில் ஏதும் இருக்கா?" என்றாள் அம்மா.

"இல்லக்கா."

"பொறகு எதுக்குப் போறோம்?"

"சும்மாத்தான்."

அம்மா கோயிலுக்குப் போயிருக்கிறாள், சாவுக்குப் போயிருக்கிறாள், பதுளை ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். சும்மா போகலாம் என்பது அவளுக்குப் புதுச் செய்தி.

அப்பாவுக்கு வேறு கவலை. "மழையில மண்ணு சரியும்னு பயந்து போன வருசம் ஸ்கூல்ல படுத்தோம். இப்ப வெயிலுக்கும் வெளிய படுத்தா ஆளுக சிரிக்க மாட்டாங்களா?"

"நான் போறதுக்குள்ள ஒரு ராத்திரி மச்சான். ஒன்னே ஒன்னு."

சித்தி அனுப்பிய டீவிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு அப்பாவால் அதற்குமேல் மறுக்க முடியவில்லை.

கலண்டர் தாளின் பின்பக்கத்தில் சித்தி திட்டம் எழுதினாள். வாகனம் பிடிக்கக் கூடாது, நடக்க வேண்டும். மழை வந்தால் ஒரு மணி நேரத்தில் வீடு திரும்பக்கூடிய தூரமாக இருக்க வேண்டும். பக்கத்தில் ஓடை வேண்டும். சாப்பாட்டுக்கு ரொட்டி, கட்டச் சம்பல், நெருப்பில் சுட வெலிமடை உருளைக்கிழங்கு. அட்டைக்கு உப்பு. இன்றைக்கும் புதிதாக வருகிறவர்களிடம் நான் பெரிய ஆள்போல ஒப்பிப்பது அந்தத் தாளைத்தான். அம்மா மட்டும் திட்டத்தை மதிக்கவில்லை. அம்மிக்கல்லைத் தவிர வீட்டிலிருந்த எல்லாவற்றையும் மூட்டை கட்டினாள்.

சனிக்கிழமை பின்னேரம் தேயிலைக்கு மேலே, பைனஸ் மரக் காட்டைத் தாண்டி ஒரு புல்வெளிக்குப் போய்ச் சேர்ந்தோம். அப்பா தேயிலைச் செடியைக் கழிக்கும் கவ்வாத்துக் கத்தியால் மானாப் புல்லை வெட்டி மெத்தைபோலப் பரப்பினார். மழைக்குக் கூரைமேல் விரிக்கும் தறப்பாளால் ஒரு கூடாரம் போட்டார். அம்மா கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கையும் பழைய சாக்குகளையும் சேர்த்து இன்னொன்று போட்டார். சித்தியின் பச்சைக் கூடாரம் கடைசியில். வேலை முடிந்ததும் தள்ளி நின்று பெருமையோடு பார்த்தார். சித்தி விழுந்து விழுந்து சிரித்தாள்.

மூன்றும் ஒரே வரிசையில், சுவரோடு சுவர் உரச, வாசல் ஒரே பக்கம் பார்க்க நின்றன.

"மச்சான், மலை பூரா காலியா கெடக்கு. இங்கயும் லயந்தானா?"

"வேற எப்படிப் போடுறது?" அப்பாவுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. "ஆத்திர அவசரம்னா செவுத்துல ஒரு தட்டுத் தட்டலாம்ல."

"இந்தச் செவுத்துல தட்டுனா செவுரே விழுந்துரும்" என்றாள் அம்மா.

எனக்கு அந்தப் பச்சைக் கூடாரத்தின்மேல் ஒரே கண். அதன் வாசலுக்கு இழுத்து மூடுகிற சிப் இருந்தது. எங்கள் ஊரில் சிப் வைத்த வீட்டை யார் பார்த்திருக்கிறார்கள்? இழுத்து மூடினேன், திறந்தேன், மறுபடி மூடினேன். அம்மா அதட்டும்வரை அதுதான் வேலை. வெயில் இறங்குகிற நேரம். புலிக் கம்பளியை விரிக்க சித்தி உள்ளே போனாள். அப்போதுதான் எனக்கு அந்த அருமையான யோசனை வந்தது. வெளியே நின்று சிப்பை மெதுவாக இழுத்து மூடினேன். உப்புப் பொட்டலம் கட்டியிருந்த நூலால் அதை இறுக்கிக் கட்டினேன். 'டேய் குரங்கே' என்று சித்தி கத்துவாள், ஓடலாம் என்று ஒரு காலை முன்னால் வைத்துத் தயாராக நின்றேன்.

டேய் என்று சித்தி சொல்லவில்லை. உள்ளிருந்து துணியில் அடி விழுந்தது. இரண்டு கையாலும் அடித்தாள். எனக்குத் தெரியாத பாஷையில் ஏதோ கெஞ்சினாள். கெஞ்சல் அலறலாக மாறியது. நூலை அவிழ்க்கப் பார்த்தேன். இழுத்த இழுப்பில் முடிச்சு இன்னும் இறுகியது.

கூடாரம் ஆடிய ஆட்டத்தில் அம்மாவின் தலைமேல் படங்கு விழுந்தது. அப்பா ஒரே எட்டில் வந்தார். முடிச்சைப் பார்க்கவில்லை. கவ்வாத்துக் கத்தியால் மேலிருந்து கீழே ஒரே கிழி. சித்தி வெளியே வந்து விழுந்து, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

அப்பா என் பக்கம் கையை ஓங்கினார்.

"அடிக்காதீங்க மச்சான். புள்ளைக்கு என்னா தெரியும்." சித்தி அவரையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "கத்துன ஒடனே வந்துட்டீங்க."

"ரெண்டு மொழத்துல இருக்கோம். வராம?"

"அதத்தான் சொல்றேன்" என்று சித்தி சிரித்தாள். அழுதுகொண்டேதான் சிரித்தாள். அப்பா கத்தியை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். அம்மா ஒன்றும் கேட்காமல் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

பிறகு எங்களைக் கேலி செய்த சித்தியே பச்சைக் கூடாரத்தை இன்னும் ஒரு சாண் எங்கள் பக்கம் இழுத்துப் போட்டாள். உருளைக்கிழங்கு சுட்டோம். ஊதி ஊதி முதல் கிழங்கை எனக்குத்தான் தந்தாள். கிழிசல் வழியாகத் தலையை வெளியே நீட்டிக்கொண்டு படுத்தாள். இடையில் ஒரு தடவை அப்பாவின் தறப்பாளில் லேசாகத் தட்டினாள். "இருக்கோம்" என்றார் அப்பா.

விடிந்தது. ஞாயிறாக இருந்தும் அப்பா, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போகிற நேரத்துக்கு எழுந்து, போக இடமில்லாமல் நின்றார். சித்தி அவருக்கு முன்பே எழுந்து பனிப் புல்லில் வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தாள். இந்தப் பக்கம் போவாள், சட்டென்று அந்தப் பக்கம் திரும்புவாள். எதையாவது தொலைத்துவிட்டாளோ என்று நானும் கூடவே தேடினேன்.

திங்கட்கிழமை ஏஜென்ட் வந்தான். "நான் போகல" என்றாள் சித்தி. அவன் அப்பாவைப் பார்த்தான். எதற்கும் நியாயம் பேசுகிற அப்பா அன்றைக்கு, "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னார்.

சித்தி இப்போது என்னோடுதான் மலைக்கு வருகிறாள். கொழும்புப் பிள்ளைகளுக்கு ரொட்டி சுடுவது அவள்தான். அந்த வீட்டார் பாலைவனத்துக்குப் போன நாள்களில் அவளை உள்ளே வைத்துக் கதவை வெளியே பூட்டிவிட்டுப் போவார்கள் என்பதை, நான் மீசை முளைத்த பிறகு ஒருநாள் ரொட்டியைப் புரட்டிக்கொண்டே சொன்னாள். அம்மாவும் அப்பாவும் அதை அன்று மலையிலேயே கேட்காமல் தெரிந்துகொண்டார்கள். எனக்கோ அந்தப் பத்து வயதில் இருந்தது ஒரே ஒரு வருத்தம்தான். சிப் நன்றாக வேலை செய்கிற கூடாரத்தைப் போய், அவசரக்கார அப்பா அநியாயமாகக் கிழித்துவிட்டாரே.